டின்னைத் திருப்பிப் பாருங்கள்: புரத மா வேறு, வெயிட் கெய்னர் வேறு, நோயாளி மா வேறு



பதிவு கொஞ்சம் நீளம். ஜிம்முக்குப் போகிற பிள்ளை இருக்கிற வீடு, கலியாணத்துக்கு நாள் குறித்த பெண்பிள்ளை இருக்கிற வீடு, படுக்கையில் மூத்தம்மாவோ மூத்தாப்பாவோ இருக்கிற வீடு, இதில் ஏதாவது ஒன்று உங்கள் வீடாக இருந்தால் கடைசிவரை வாசியுங்கள். அவசரமாக இருந்தால் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள்.

ஆசிரியர் அறையில் நாங்கள் கொஞ்சக் காலமாகத் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்ளும் விடயம் இது. தரம் 10, 11 பையன்கள் இடைவேளைக்குச் சாப்பாடு கொண்டுவருவது குறைந்திருக்கிறது. பையைத் திறந்தால் ஷேக்கர் போத்தல். கேட்டால் "சேர், புரோட்டீன்" என்கிறார்கள். என்ன பெயர், யார் தயாரித்தது என்று கேட்டால் தெரியாது. ஜிம்மில் பெரிய பையைப் பிரித்துப் பொலித்தீனில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அரைக் கிலோ, கால் கிலோ என்று, சீனி நிறுப்பதைப் போல. லேபல் இல்லை, திகதி இல்லை. அதில் ஒன்றிரண்டை நாங்கள் வாங்கி முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பார்த்தோம். பையன் புரோட்டீன் என்று நம்பியிருந்தது வெயிட் கெய்னர்.

இதை வெறும் பெயர்க் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. நம் ஊரில் மாவாக டின்னில் வருகிற எல்லாவற்றுக்கும் "சத்து மா" என்ற ஒரே பெயர்தான். பாமசியில் கேட்பவருக்கும் சில நேரம் கொடுப்பவருக்கும் அப்படித்தான். ஆனால் உள்ளே இருப்பவை வேறு வேறு வேலைக்கானவை. ஒருவருக்கு உதவுகிற மா இன்னொருவருக்குக் காசை மட்டும் தின்னும். வேறொருவருக்கு வருத்தத்தையே கூட்டும்.

முதலில் புரத மா. பெரும்பாலும் "வே" என்று எழுதியிருக்கும். பாலைத் திரைத்து சீஸ் செய்யும்போது மிஞ்சுகிற தண்ணீரைக் காயவைத்து எடுப்பது. ஒரு ஸ்கூப் 30 கிராம் என்றால் அதில் 24 கிராம் அளவு புரதம், 120 கலோரி அளவு சக்தி. "கொன்சன்ட்ரேட்" என்றால் பாலின் சீனியான லக்டோஸ் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிறு ஊதும். "ஐசலேட்" என்றால் அது இன்னும் சுத்தம், விலையும் கூட. அவ்வளவுதான் வித்தியாசம். இது உணவிலிருந்து பிரித்த ஒரு பகுதி, மருந்தென்று நினைத்து விழுந்து விழுந்து வாங்கவும் வேண்டாம், விஷமென்று பயப்படவும் வேண்டாம். ஆனால் இதைக் குடித்துவிட்டு மத்தியானச் சோற்றை விடுகிற பையனுக்கு உடம்பு வைக்காது, இன்னும் மெலியும். 120 கலோரியை வைத்து ஒரு நேரச் சாப்பாட்டை ஈடுகட்ட முடியாது.

வெயிட் கெய்னரில்தான் பெரிய விளையாட்டு நடக்கிறது. உலகம் முழுக்க விற்கிற ஒரு பிரபலமான கெய்னரின் லேபலை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 1250 கலோரி, 50 கிராம் புரதம் என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். 50 கிராம் என்றதும் பையன் மயங்கிவிடுகிறான், புரத மாவை விட இரண்டு மடங்காம். பின்பக்கம் சின்ன எழுத்தில், ஒரு வேளை என்பது 334 கிராம் மா என்று இருக்கும். மாவில் மூன்றில் ஒரு கிலோ! அதில் 250 கிராமுக்கு மேல் மாச்சத்து. ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பெரிய பை, சொன்ன அளவில் குடித்தால் 16 வேளையில் முடிந்துவிடும். பிள்ளையோ ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி போட்டு இரண்டு மாதம் இழுக்கிறான். பிறகு "ஒன்றும் வேலை செய்யல்ல சேர்" என்கிறான்.

கணித பாடம் எடுக்கிற ஆசிரியர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவர் சொல்லித் தந்த கணக்கு இது. புரதக் கிராமை, ஒரு வேளைக்கான மாவின் கிராமால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அந்தக் கெய்னரில் 100 கிராமுக்கு 15 கிராம்தான் புரதம். புரத மாவில் 80. சரி, நம் வீட்டுக் குசினியில் இருக்கிற முழு ஆடைப் பால்மாவில்? ஏறக்குறைய 25. மைசூர்ப் பருப்பிலும் பாசிப்பயறிலும் 24 அளவு. அதாவது பல ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கிய பையை விட, தேத்தண்ணிக்குப் போடுகிற பால்மாவில் புரதத்தின் வீதம் கூட.

மீதி என்ன? லேபலில் உள்ளடக்கங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததற்கு என்று வரிசைப்படுத்துவதுதான் வழக்கம். கெய்னர்களில் பெரும்பாலும் முதல் இடத்தில் "மோல்டோடெக்ஸ்ட்ரின்" இருக்கும். சோளம் போன்றவற்றின் மாப்பொருளை உடைத்துச் செய்வது. நாக்கில் பெரிதாக இனிக்காது, ஆனால் இரத்தத்தில் சீனியை மளமளவென்று ஏற்றும். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சீனி வருத்தம் இருக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை தினமும் இதைக் குடிப்பதை நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மெலிந்த உடம்புக்குச் சக்தி கூட்டத்தான் வேண்டும் என்றால் வீட்டில் செய்யலாம். பால்மா மூன்று மேசைக்கரண்டி, இரண்டு வாழைப்பழம், வறுத்த கச்சான் ஒரு கை நிறைய, வறுத்த தானிய மா 50 கிராம், பேரீச்சம்பழம் ஐந்து. எல்லாவற்றையும் போட்டு அடித்தால் 800 கலோரிக்கு மேல் வரும், புரதமும் 25 கிராம் அளவு. கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். மற்றவர்கள் இதைச் சோற்றுக்குப் பதிலாக அல்ல, அஸருக்குப் பிறகு மேலதிகமாகக் குடிக்க வேண்டும். ஒரு கிலோ நிறை கூட ஏறக்குறைய 7000 கலோரி மேலதிகமாக வேண்டும். ஆகவே ஒரு மாதத்தில் ஒன்று, ஒன்றரைக் கிலோ கூடினால் அது நல்ல வேகம். "10 நாளில் 5 கிலோ" என்று டிக்டொக்கில் யாராவது சொன்னால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

அந்த "வேறு ஏதோ" பற்றித்தான் இந்தப் பதிவையே எழுதத் தொடங்கினோம்.

கலியாணத்துக்கு முன் "கொஞ்சம் உடம்பு வைக்க" என்று பெண்பிள்ளைகளுக்குக் குளிசையும் பெயரில்லாத மாவும் கொடுக்கிற பழக்கம் பரவியிருக்கிறது. உயர்தர வகுப்பில் காலை எட்டரைக்கே மேசையில் தலை வைத்துத் தூங்குகிற பிள்ளைகளை எங்கள் பெண் ஆசிரியைகள் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் இது வெளியில் வந்தது. பசியைத் தூண்ட என்று விற்கப்படுகிற குளிசைகளில் அடிக்கடி இருப்பது சைப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமைக்கான மருந்து. பசி கூடுவது அதன் பக்க விளைவு, நித்திரை வருவது இன்னொரு பக்க விளைவு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதைக் கொடுத்துவிட்டு, படிக்கிறாள் இல்லை என்று எங்களிடம் வந்து முறையிடுகிறார்கள்.

அதைவிட மோசமானது டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரோயிட். உடம்பு வைக்கும் மா, குளிசை என்று விற்கப்பட்டவற்றில் இது சொல்லாமல் கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. இரண்டு மூன்று கிழமையில் கன்னம் உப்பும், முகம் வட்டமாகும். பார்க்கிறவர்கள் "மாஷா அல்லாஹ், நல்லா வந்திருக்கா" என்பார்கள். அது கொழுப்பும் தண்ணீரும் கட்டிய முகம். உள்ளே இரத்த அழுத்தமும் சீனியும் ஏறும், நோய் எதிர்ப்பு குறையும், எலும்பு பலமிழக்கும். நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனெனில் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். ஆகவே யாராவது ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் பயந்து குப்பையில் வீசிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். அந்தக் குளிசையையோ மாவையோ கையோடு எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். ஏசுவார் என்று வெட்கப்பட வேண்டாம், ஏசினாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பிள்ளை ஏன் மெலிகிறது? பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? இரத்தச் சோகை இருக்கிறதா? தைரொயிட் பார்த்தீர்களா? அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போய்க்கொண்டே மெலிகிற பிள்ளைக்கு சீனி வருத்தம் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குக் கெய்னர் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இருமலோடு மெலிகிறவருக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு எம்.ஓ.எச். அலுவலகத்திலிருந்து வரும்போது "இன்றைக்குப் பிள்ளைக்கு ட்யூஷன்" என்று லீவு எடுக்க வைக்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். நிறையும் உயரமும் இலவசமாக அளந்து சொல்கிறார்கள், அதை விட்டுவிட்டு ஜிம் மாஸ்டரின் கண் மதிப்பை நம்புகிறோம்.

அடுத்தது நோயாளி மா, சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்கிற மா. என்ஷுவர், சஸ்டஜன் என்று பாமசித் தட்டில் வரிசையாக இருப்பவை. முன்பு வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் ஹோர்லிக்ஸ் போத்தலும் பிஸ்கட்டும் கொண்டு போவோம். இப்போது வசதியுள்ளவர்கள் இந்த டின்னைக் கொண்டு போகிறார்கள். நல்ல மனதுதான். மெல்ல முடியாத முதியவர், பக்கவாதம் வந்தவர், குழாய் வழியாக உணவு போகிறவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் வாய் புண்ணானவர், இவர்களுக்கு இது உண்மையில் கை கொடுக்கும். புரதம், கொழுப்பு, மாச்சத்து, விட்டமின், கனியுப்பு என்று எல்லாம் அளவாகச் சேர்த்திருப்பார்கள்.

ஆனால் கரைக்கிற முறை பிழைத்தால் அத்தனையும் வீண். பெரியவர்களுக்கான இவ்வகை மாவில் ஒரு கோப்பைக்கு 50 கிராமுக்கு மேல் போட வேண்டும், டின்னோடு வருகிற சின்னக் கரண்டியில் 6 அளவு. அப்போதுதான் 230 கலோரி அளவும் 9 கிராம் அளவு புரதமும் கிடைக்கும். அந்தக் கணக்கில் 400 கிராம் டின் ஏழு எட்டுக் கோப்பைக்குத்தான் வரும். விலையைப் பார்த்துப் பயந்து வீடுகளில் இரண்டு கரண்டி போட்டு, வெள்ளைத் தண்ணீராகக் கரைத்து, ஒரு டின்னை ஒரு மாதம் ஓட்டுகிறார்கள். "தினமும் கொடுக்கிறோம் சேர், ஆனால் மூத்தம்மா இளைத்துக்கொண்டே போகிறா." கொடுப்பது 80 கலோரிகூட இல்லை, அதை நம்பிக் கஞ்சியையும் நிறுத்திவிட்டார்கள். வாங்க வசதியில்லை என்றால் அது குறையே இல்லை. பருப்பும் மீனும் போட்டு நன்றாகக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி, முட்டை அடித்த சூப், தயிர் என்று நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த சமூகத்துக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சீனி வருத்தக்காரருக்கும் சிறுநீரக வருத்தக்காரருக்கும் தனித்தனி வகை மா இருக்கிறது. பொதுவான டின்னை அவர்களுக்குக் கொடுக்குமுன் கிளினிக்கில் கேளுங்கள். குறிப்பாக சிறுநீரகம் பழுதானவருக்கு எவ்வளவு புரதம் என்பதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த வீட்டில் மகனின் புரத டின் மேசையில் இருந்தால், அன்பு மிகுதியில் மருமகள் அதிலிருந்து ஒரு கரண்டி கரைத்துக் கொடுத்துவிடுவாள்.

இதே "சாப்பாட்டுக்குப் பதில்" என்ற பெயரில் மெலிவதற்கான ஷேக்கும் வருகிறது. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு 200 கலோரி அளவில் ஒரு கோப்பை குடித்தால் நிறை குறையத்தான் செய்யும், கணக்கு அப்படி. நிறுத்தியதும் பழையபடி கொத்து ரொட்டிக்குப் போனால் திரும்ப ஏறும், அதுவும் கணக்குத்தான். எங்களுக்குச் சங்கடம் தருவது விற்கிற முறை. கடையில் இல்லை, ஆள்மூலம் வருகிறது. வாங்கியவரையே விற்பவராக்கி, அவருக்குக் கீழே நாலு பேரைச் சேர்க்கச் சொல்கிறார்கள். எங்கள் தொழிலில் உள்ள சிலரும் இதில் இருக்கிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாயிடம் பிள்ளையின் புள்ளியைப் பற்றிப் பேசிவிட்டு அதே மூச்சில் ஷேக் பற்றிப் பேசினால் அந்தத் தாய்க்கு "வேணாம் டீச்சர்" என்று சொல்ல வாய் வருமா? ஆசிரியருக்கு ஊர் கொடுக்கிற மரியாதை வியாபார முதல் அல்ல. இதற்காக எங்களோடு சிலர் கோபித்தாலும் சரி.

சரி, உழைத்து உடற்பயிற்சி செய்கிற இளைஞனுக்கு எவ்வளவு புரதம் தேவை? சாதாரண ஆளுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் அளவு. பாரம் தூக்குகிறவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். 60 கிலோ இளைஞன் 1.6 என்று வைத்தால் 96 கிராம். இரண்டு முட்டையில் 12, மீன் 150 கிராமில் 30, பருப்பு 50 கிராமில் 12, நாள் முழுக்கச் சாப்பிடுகிற சோற்றில் 20 அளவு, ஒரு கோப்பைப் பாலில் 7, ஒரு பிடி கச்சானில் 7. கூட்டினால் 88. இன்னொரு முட்டை சேர்த்தால் 94. டின் இல்லாமலேயே கிட்ட வந்துவிட்டோம். மீன் விலை ஏறிய கிழமையில் சோயா மீற் இருக்கிறது, உலர்ந்த நிலையில் பாதி நிறை புரதம்தான். கருவாட்டையும் மறக்க வேண்டாம், உப்பை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள்.

இரண்டு றாத்தல் புரத டின்னில், அதாவது 900 கிராம் அளவில், மொத்தமாக 700 கிராம் புரதம் வரும். அதே புரதம் 4 ட்ரே முட்டையில், அதாவது 120 முட்டையில் இருக்கிறது. பருப்பில் என்றால் மூன்று கிலோ. இன்றைக்குக் கடையில் என்ன விலை என்று நீங்களே போட்டுப் பாருங்கள், முட்டை விலை கிழமைக்குக் கிழமை மாறுவதால் நாங்கள் எழுதவில்லை. பருப்புப் புரதம் வே புரதத்துக்குச் சமமான தரம் அல்ல என்று ஜிம் தம்பிமார் சொல்வது சரிதான். சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். நம் வீட்டில் பருப்பை யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லையே.

நேரமில்லாமல் வேலைக்கு ஓடுகிற, சொந்தக் காசில் வாங்குகிற, முழு ஆரோக்கியமுள்ள வாலிபர் நல்ல டின்னாகப் பார்த்து ஒரு ஸ்கூப் குடிப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. வாப்பாவின் ஆட்டோ லீசிங் காசிலும் உம்மாவின் சீட்டுக் காசிலும் பதினாறு வயதில் குடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம். திரிபோஷ பைக்கற்றை ஜிம் பையில் கண்ட நாளும் உண்டு. நிறை குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் என்று 1970களிலிருந்து அரசு இலவசமாகக் கொடுத்து வருவது அது. வீட்டில் மெலிந்த குழந்தையின் பங்கை மாமா தசை வளர்க்கத் தின்கிறார் என்றால் வேறென்ன சொல்ல?

போலிகளும் இருக்கின்றன. புரதத்தை வழக்கமாக நைதரசனை வைத்துத்தான் அளக்கிறார்கள், அதனால் மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து அளவைக் கூட்டிக் காட்ட முடியும். 2008இல் சீனாவில் பால்மாவில் மெலமின் கலந்ததும் இதே ஓட்டையால்தான், அங்கே குழந்தைகள் இறந்தார்கள். ஆகவே திறந்த பையிலிருந்து நிறுத்துக் கொடுப்பதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும், உற்பத்தித் திகதியும் முடிவுத் திகதியும் இல்லாத டின்னையும் அப்படியே கடையில் வைத்துவிட்டு வாருங்கள். முறைப்பாடு இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம், அல்லது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம். குளிசை என்றால் அது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பொறுப்பு.

ஹலால் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வே எடுக்கப் பாலைத் திரைக்கும் ரென்னட் கன்றின் வயிற்றிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம். விட்டமின், மீன் எண்ணெய்க் கப்சியூல்களின் உறையும் கொலஜன் மாவும் எந்த விலங்கிலிருந்து என்று பார்க்க வேண்டும். 2014 முதல் இங்கே சான்றிதழ் வழங்குவது ஹலால் அக்ரெடிட்டேஷன் கவுன்சில். வெளிநாட்டு டின்னில் வேறு நாட்டுச் சான்று இருக்கும், சிலதில் எதுவுமே இருக்காது. தீர்ப்பு உலமாக்களின் வேலை. டின்னின் படத்தை எடுத்து அவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். பிரியாணிக் கடையில் இரண்டு தடவை விசாரிக்கிற நாம் ஷேக்கரில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது ஏன் என்று விளங்கவில்லை.

அடுத்த மாதம் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் தரம் 10, 11 பிள்ளைகளோடு இந்த லேபல் கணக்கைச் செய்து பார்க்கப் போகிறோம். வீட்டில் முடிந்த டின், பை எதுவானாலும், பால்மாப் பைக்கற்று உட்பட, பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். கழுவிக் காயவைத்துத் தாருங்கள். சென்ற கிழமை வந்த இரண்டுக்கும் எறும்பு மொய்த்து, ஆசிரியர் அறை மேசையையே வெளியில் தூக்கிவைக்க வேண்டியதாகிவிட்டது.